ஆறு பிள்ளைகள், பத்து எபிசோட், எத்தனை நாள்?

கேள்வி: மதுரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நடக்கும் டிவி தொடர் எழுதிக்கொண்டிருக்கிறோம். 12, 13 வயதுப் பிள்ளைகள் ஆறு பேர்தான் முக்கியப் பாத்திரங்கள். பத்து எபிசோடில் மூன்று எழுதியாயிற்று. மே விடுமுறையில் 30 நாளில் வரிசையாக எடுத்து முடித்து, சேனலிடம் காட்டலாம் என்று திட்டம். சரிவருமா? (வாசகர், திருமங்கலம்)

பதில்: வராது. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக 22 நிமிடம் கதை வேண்டும் என்று வையுங்கள். பத்து எபிசோடுக்கு 220 நிமிடம். பெரியவர்களை வைத்து வீட்டுக்குள்ளேயே எடுக்கும் தினசரி சீரியலில் ஒரே நாளில் ஒரு எபிசோடைத் தேற்றிவிடுவார்கள். உங்களால் முடியாது, சட்டம் விடாது. 14 வயது நிரம்பாத பிள்ளைகளை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான் வேலை, அதிலும் ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கவும் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் என்பது விதி. உங்களிடம் ஆறு பேர், ஆக இரண்டு பொறுப்பாளர்கள்.

அந்த 5 மணி நேரத்தில் 5 நிமிடம் தேறினால் நல்ல நாள். அப்படியே வைத்தாலும் 44 நாள். டீச்சர், அப்பா அம்மா மட்டும் வரும் காட்சிகளைத் தனியாகப் பிரித்து, பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு எடுத்தால் கொஞ்சம் குறையும்.

அடுத்து, வரிசையாக எடுப்பது. இதை மறந்துவிடுங்கள். வகுப்பறைக் காட்சிகள் பத்து எபிசோடிலும் சிதறிக் கிடக்கும். அத்தனையையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு அடுத்த லொகேஷனுக்கு நகர வேண்டும். அதனால் மிச்ச ஏழு எபிசோடையும் எழுதி முடிக்காமல் கேமராவைத் தொடாதீர்கள். நான் உதவி இயக்குநராக இருந்த ஒரு தொடரில் கடைசி இரண்டு எபிசோடை எழுதாமலே வகுப்பறையை முடித்துவிட்டோம். திரும்பிப் போனபோது பள்ளியில் வெள்ளையடித்து, சுவர் நிறமே மாறியிருந்தது! கதையில் ஒரே நாள், திரையில் இரண்டு பள்ளிக்கூடம். கன்டினியூட்டி பார்ப்பதற்கென்றே ஓர் ஆளை வையுங்கள். தலைமுடி, சீருடை, கைக்கட்டு எல்லாவற்றையும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் போட்டோ எடுப்பதுதான் அவர் வேலை.

லொகேஷன் என்றதும் எல்லோரும் கேட்பது நாயக்கர் மகால். அதற்கு மாநிலத் தொல்லியல் துறையிடம் போக வேண்டும், கீழக்குயில்குடி சமணர் மலைக்கு மத்தியத் தொல்லியல் துறையிடம். உங்கள் கதைக்கு இரண்டுமே தேவையா என்று முதலில் யோசியுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகள் பக்கமோ வைகைக் கரையிலோ ஷூட்டிங் வைக்காதீர்கள். கூட்டத்தைக்கூடச் சமாளிக்கலாம், குழாய் ஸ்பீக்கரில் ஒரு வசனம் மிஞ்சாது.

‘டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாமே’ என்பீர்கள். பையன்களுக்கு 13 வயது. மகரக்கட்டு உடையும் வயது அது. மேயில் நடித்தவன் ஆகஸ்டில் வேறு குரலில் வந்து நிற்பான். வேறு ஆளைப் பேச வைத்தால் ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ எல்லாம் ஒட்ட வைத்ததுபோல் கேட்கும். செலவானாலும் லைவ் சவுண்டில் எடுங்கள். முடியாவிட்டால் அந்தந்த வாரமே டப்பிங்கை முடித்துவிடுங்கள்.

அப்புறம், சேனலிடம் போகப் பத்தும் எடுக்க வேண்டியதில்லை. ஒன்லைன் (ஓரிரு வரியில் கதை), பாத்திரக் குறிப்புகள், பத்து எபிசோடின் சுருக்கம், ஒரு பைலட் (மாதிரிக்கு எடுத்துக் காட்டும் முதல் எபிசோட்) இருந்தால் போதும். பைலட்டுக்கும் ஆட்சியர் அனுமதி வேண்டும், அதனால் மனுவை முன்கூட்டியே கொடுங்கள். மே மாதத்தில் நாலைந்து நாளில் அதை மட்டும் எடுங்கள். தினமும் எத்தனை நிமிடம் தேறியது என்று எழுதி வையுங்கள். மிச்ச ஒன்பதுக்கான ஷெட்யூலை அந்தக் கணக்கிலிருந்து போட்டுக்கொள்ளலாம்.