பற்றாக்குறை யார் தலையில்?

கேள்வி: மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பொதுப்பள்ளியில் சேர்த்துக்கொள்வது நல்ல மனசோடு செய்யும் உதவி. அதைப் போய் ஏன் 'உரிமை' என்று எழுதுகிறீர்கள்? பணம் குறைவாக இருக்கும்போது பெரும்பான்மைப் பிள்ளைகளை முதலில் கவனித்துவிட்டு, மீதி இருந்தால் இவர்களைப் பார்ப்பதில் என்ன தவறு?

பதில்: நீங்கள் கடைசியாகக் கேட்டிருப்பதை ஒரு கல்வி நிர்வாகம் நீதிமன்றத்திலேயே வாதமாக வைத்தது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், 1972-இல் தீர்ப்பான மில்ஸ் வழக்கு அது. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஏழு பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்டது. அந்த நகரில் சிறப்புக் கல்வி தேவைப்பட்டவர்கள் ஏறக்குறைய 22,000 பேர். அவர்களில் 18,000 பேர் வரைக்கும் அது கிடைக்கவில்லை. கற்பிக்க வேண்டிய கடமை தனக்கு இருப்பதை நிர்வாகமும் மறுக்கவில்லை. பணம்தான் இல்லை, இவர்களுக்குக் கொடுத்தால் மற்ற பிள்ளைகளிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றது.

நீதிபதி ஜோசப் வாடி இதை ஏற்கவில்லை. இருக்கிற பணம் போதவில்லையா? சரி, எந்தப் பிள்ளையும் அடியோடு விடுபட்டுப் போகாதபடி அதைப் பங்கிடுங்கள், குறைபாட்டின் சுமை மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் மேல் மட்டும் அதிகமாக விழக்கூடாது என்றார். பணத்தட்டுப்பாடு பொய் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தட்டுப்பாடு உண்மையாகவே இருந்தாலும் அதை எல்லாரும் சேர்ந்து தாங்க வேண்டும் என்றார். உங்கள் 'மீதி இருந்தால்' என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

அடுத்து அந்த 'நல்ல மனசு'. பிள்ளைகள் அதையே நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆன்டிகோ என்று ஓர் ஊர். அங்கே ஒரு சிறுவனுக்குப் பிறவியிலேயே உடல் இயக்கத்தில் பாதிப்பு. பேச்சு தடுமாறும், எச்சில் வடியும். படிப்பில் மற்ற பிள்ளைகளுக்குச் சளைத்தவன் இல்லை, ஐந்தாம் வகுப்பு வரை அதே பொதுப்பள்ளியில் படித்தவன். அவனைப் பார்ப்பது ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் அருவருப்பையும் மனச்சோர்வையும் தருகிறது என்று நிர்வாகம் அவனை வெளியேற்றியது. 1919-இல் மாநில உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் பக்கமே நின்றது. பார்க்கிறவர்களின் முகச்சுளிப்புக்கு ஒரு பையனின் படிப்பு பலியானது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இங்கிலாந்தில் 1971 வரைக்கும் சில பிள்ளைகளைப் 'பள்ளிக் கல்விக்குத் தகுதியற்றவர்கள்' என்று எழுதிக்கொடுத்துச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் விட்டுவிட அங்கே சட்டமே இடம் கொடுத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலும் கதை இதுதான். ஐந்து வயதுக்குரிய மன வளர்ச்சி எட்டாத பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க மறுக்கலாம் என்றது அந்த மாநிலத்துச் சட்டம். அதை உடைத்தவர்கள், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள். சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். எந்தப் பிள்ளையும் கற்பித்தால் பயன்பெறும் என்று வல்லுநர்கள் சாட்சி சொன்னதும், 1971-இல் மாநிலம் உடன்பாட்டுக்கு இறங்கி வந்தது.

ஜூடி ஹியூமனையும் சொல்லியாக வேண்டும். போலியோ பாதித்த சிறுமி. சக்கர நாற்காலியில் வந்தால் தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று காரணம் சொல்லி, நியூயார்க்கில் ஒரு பள்ளி அவரைத் திருப்பி அனுப்பியது. வளர்ந்து ஆசிரியராக விண்ணப்பித்தார், அப்போதும் அதே நாற்காலியைக் காட்டி உரிமம் தர மறுத்தார்கள். 1970-இல் வழக்குப் போட்டு ஆசிரியர் ஆனார். அரசு உதவி பெறும் பள்ளி உள்ளிட்ட நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக்கூடாது என்ற 1973 சட்டத்துக்கு நான்கு வருடம் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளே வரவில்லை. 1977-இல் அவரும் தோழர்களும் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் மூன்று வாரத்துக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். அதன் பிறகுதான் அந்த விதிகளில் அமைச்சர் கையெழுத்துப் போட்டார்.

இடையில் 1975 நவம்பரில் எல்லா மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் கல்வி என்ற சட்டம் வந்தது. பத்து லட்சம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து முழுக்க ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். கையெழுத்திட்ட அமெரிக்க அதிபர் ஃபோர்டு என்ன சொன்னார் தெரியுமா? மத்திய அரசால் நிறைவேற்ற முடிவதைவிட அதிகமாக இந்தச் சட்டம் வாக்குக் கொடுக்கிறது என்றார். உதவி செய்யும் மனசு பொங்கி வந்த சட்டமாகவா தெரிகிறது உங்களுக்கு? நீதிமன்றத் தீர்ப்புகளும் பெற்றோர்களும் நெருக்கியதால் வந்தது அது.

சேர்த்துக்கொண்டதோடு கடமை முடிந்தது என்றும் பள்ளிகள் சொல்லிப் பார்த்தன. ஆட்டிசம் உள்ள ஒரு கொலராடோ மாணவனின் வழக்கில், ஏதோ சிறிதளவு முன்னேற்றம் இருந்தால் போதும் என்ற வாதத்தை 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. அந்த அளவுக்குத் தருவதைக் கல்வி என்றே சொல்ல முடியாது என்றது.

பணத்தைப் பற்றிய உங்கள் கவலையை நான் தள்ளிவிடவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், பிரெயில் புத்தகம் வேண்டும், சாய்தளம் வேண்டும். எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. 1975 சட்டத்தில் கூடுதல் செலவை ஈடுகட்ட, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு சொன்னது. இன்றுவரை ஒரு வருடம்கூட அந்த அளவை எட்டியதில்லை. 'பணம் எங்கே?' என்ற கேள்வியை அந்த அரசிடம் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். வாசலில் நிற்கும் பிள்ளையிடம் கேட்காதீர்கள்.