பாத்திரத்தின் வெளிப்புறம்: ஆச்சியிடம் கேளுங்கள்

பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கானாடுகாத்தான் வீட்டில் பங்காளிகளுக்குப் பொதுவான கல்யாணச் சாமான்கள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ‘எதைப் போட்டுத் தேய்க்கலாம்?’ என்றே இருக்கின்றன. அதற்கு முன்னால், ஒட்டியிருப்பது என்ன என்று பாருங்கள். விறகுப் புகை படிந்திருந்தால் கரி. எண்ணெய் வழிந்து சூட்டில் பழுப்பாக இறுகியிருந்தால் பிசுக்கு. செம்பும் பித்தளையும் மங்கியிருந்தால் களிம்பு. கரி தேய்த்தால் போகும். பிசுக்குக்குச் சோடா மாதிரிக் காரப்பொருள் வேண்டும். களிம்புக்குத்தான் புளி.

கே (காரைக்குடி, பலகாரக் கடை): ஆச்சி, முறுக்கும் சீப்புச் சீடையும் சுடுகிற இரும்புச் சட்டியின் வெளிப்பக்கம் பழைய எண்ணெய் அடை அடையாக ஏறிவிட்டது. தட்டினால் செதிலாக உதிர்கிறது. பாத்திர சோப்பு ஒன்றும் செய்யவில்லை.

ப: சோப்பு புது எண்ணெயைத்தான் கழுவும். உங்கள் சட்டியில் இருப்பது இப்போது எண்ணெயே இல்லை. எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் மாறி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, பெயின்ட் காய்ந்ததுபோல இறுகிவிட்டது. சுடுநீரில் கரைத்த சலவை சோடா அந்தப் பிணைப்பை மெல்ல உடைக்கும். ஆப்ப சோடா போதாது, அதன் காரம் குறைவு.

சட்டி முழுவதும் மூழ்குகிற எவர்சில்வர் அண்டா இருந்தால் வேலை சுலபம். லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடா போட்டு, கொதி வந்தபின் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் வையுங்கள். அணைத்துவிட்டு ராத்திரி அப்படியே ஊறட்டும். காலையில் மரக் கரண்டியால் சுரண்டினால் பெரும்பகுதி வழித்துக்கொண்டு வரும். மிச்சத்துக்குக் கம்பி நார். கனத்த அடை ஒரே தடவையில் போகாது, தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள்.

சட்டி பெரிது, எதிலும் மூழ்காது என்றால் கவிழ்த்துப் போட்டு, சோடாவைச் சுடுநீரில் குழைத்துக் கனமாக அப்பி, ஈரத் துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள். காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும் என்பதற்காகத்தான் தாள். கையுறை போடுங்கள், சோடா கைத்தோலையும் அரிக்கும்.

இரும்பைச் சோடா கெடுக்காது. ஆனால் சட்டி பழகி ஏறியிருந்த எண்ணெய்ப் பூச்சும் கூடவே போய்விடும். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் வற்றக் காயவைத்து, உள்ளும் புறமும் மெல்லிசாக எண்ணெய் தடவிச் சூடேற்றுங்கள். விட்டால் மறுநாளே துரு.

அலுமினியம், இண்டாலியம் பக்கம் மட்டும் சலவை சோடாவைக் கொண்டுபோகாதீர்கள்.

கே (புதுக்கோட்டை): என் குக்கர் இண்டாலியம்தான். வெளியே பழுப்பு வழிசல். அப்போ என்ன செய்ய?

ப: சோடா அதைக் கருக்க வைத்து, உலோகத்தையே அரிக்கும். சோப்புத் தண்ணீரைச் சூடாக்கி, துணியில் நனைத்து அரை மணி நேரம் சுற்றிவைத்து, சபீனாவும் தேங்காய் நாரும் போட்டுத் தேயுங்கள். இதையே நாலைந்து தடவை செய்தால் குறையும். அப்புறமும் லேசாகக் கறை நின்றால் விட்டுவிடுங்கள், சமையலுக்கு அதனால் குறை இல்லை.

கே: ஆப்ப சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் நன்றாக நுரைக்கிறதே, அது சக்தி வாய்ந்ததுதானே?

ப: இல்லை. புளிப்பும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துவிடும். நுரை அடங்கியபின் மிஞ்சுவது உப்புத் தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

கே: எவர்சில்வர் அடிக்குப் பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா?

ப: கூடவே கூடாது. எவர்சில்வரில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். அந்த ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சையே அடைத்துவிடும். எவர்சில்வருக்கும் மேலே சொன்ன சலவை சோடாதான். பேக்கலைட் பிடி இருந்தால் கழற்றிவிட்டு ஊறவையுங்கள்.

கே (காரைக்குடி): முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு மங்குத் தூக்கு வாங்கினேன். அடியில் ஒரே கருப்பு.

ப: மங்கு என்பது இரும்பின்மேல் உருக்கி ஏற்றிய கண்ணாடி. கம்பி நாரால் தொட்டால் பளபளப்புப் போய்விடும். வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரில் ஊறவைத்துத் துணியால் துடையுங்கள். சூடாக இருக்கையில் பச்சைத் தண்ணீர் விட்டால் பூச்சு தெறிக்கும். உள்ளே பூச்சு பெயர்ந்திருந்தால் அதில் சமைக்க வேண்டாம், அழகுக்கு வையுங்கள்.

கே: தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. புளி தேய்த்தும் போகவில்லை ஆச்சி.

ப: போகாது. பிசுக்குக்குப் புளி இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கே (நாட்டரசன்கோட்டை): செவ்வாய்ப் பொங்கலுக்கு வெண்கலப் பானையில் வெளியே மண் பூசாமல் வைத்துவிட்டேன். கரி அப்பிக்கொண்டது.

கே (தேவகோட்டை): நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மண் பூசுவதே வீண். மண் சூட்டைத் தடுக்கும், விறகு கூட ஆகும். கருப்புப் பாத்திரம்தான் சூட்டை நன்றாக வாங்கும், கரியை ஏன் எடுக்க வேண்டும்?

கே (பள்ளத்தூர்): எங்கள் வீட்டில் சோப்பைத்தான் தடவுவோம். கழுவும்போது கரி தானாக வழிந்துவிடும்.

ப: தேவகோட்டைத் தம்பி சொல்வதில் பாதி சரி. விறகின் தணல் வீசும் வெப்பத்தைக் கருப்புப் பரப்பு நன்றாகவே உறிஞ்சும். ஆனால் அதற்கு மெல்லிய கருமை போதும். கரி தடிப்பாக ஏறினால் அதுவே சூட்டைத் தடுக்கும், தொடுகிற கையிலும் துணியிலும் ஒட்டும்.

கே (தேவகோட்டை): அப்போ மண் மட்டும் தடுக்காதா?

ப: கனமாக அப்பினால் தடுக்கும்தான். தண்ணீராகக் கரைத்த செம்மண்ணை ஒரு கை பூசினால் போதும். கரி மண்ணில் படியும், மண்ணோடு கழன்றுவிடும். விறகில் வரும் நஷ்டத்தைவிடத் தேய்க்கிற பெண்களின் கை வலி எனக்குப் பெரிது. சோப்பும் அதே வேலையைச் செய்யும், ஆனால் வாய் விளிம்பில் தடவாதீர்கள், பொங்கி வழிகையில் உள்ளே இறங்கும். அடுப்புச் சாம்பலைக் குழைத்துப் பூசினாலும் சரிதான். அதில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, சலவை சோடாவின் உறவு. அதனால்தான் சாம்பல் போட்டுத் தேய்த்தால் எண்ணெயும் போகிறது.

நாட்டரசன்கோட்டை ஆத்தா, உங்கள் பானைக்குச் சாம்பலும் தேங்காய் நாரும் போதும். கரி போனபின் மங்கல் தெரிந்தால் அப்போது புளி. வெண்கலம் நொறுங்கும் உலோகம், சூடு ஆறாமல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கே: குக்கருக்குச் சலவை சோடா போடலாமா?

ப: இண்டாலியம், அலுமினியம் குக்கர் என்றால் கூடாது. மேலே சொல்லியிருக்கிறேன்.

கே (கண்டனூர்): ஈயம் பூசிய பித்தளை உருளி. வெளிப்பிசுக்கை நெருப்பில் காட்டி எரித்துவிடலாம் என்கிறார்கள்.

ப: பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயம் வெள்ளீயம், அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெறும் உருளியைத் தீயில் காட்டினால் உள்பூச்சு வழிந்து ஓடும். வெளியே மட்டும் சோடாக் குழம்பு அப்பி, உள்ளே படாமல் வேலையை முடியுங்கள். உள்ளே பித்தளை ஏற்கெனவே தெரிகிறது என்றால் என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. புளிக்குழம்பு வைப்பதை நிறுத்திவிட்டு, ஈயம் பூசுகிறவரிடம் கொண்டுபோங்கள்.