சுங்கை சிப்புட்டுக்கு வரும் ஓவியத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கோயில் வண்ண வேலைக்காக மயிலாடுதுறையிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வருகிறீர்கள், கையில் ஓராண்டு வேலை அனுமதி பாஸ், ஓவியத்தோடு கதையும் எழுதுகிறீர்கள், இங்கே கலைஞனுக்கும் எழுத்தாளனுக்கும் ஆதரவு உண்டா, பிழைக்க முடியுமா? கூடவே சாப்பாடு, மழை, சிம் கார்டு என்று ஒரு பட்டியல். அதை விடுங்கள். சாப்பாடு நன்றாக இருக்கும், மழை சாயங்காலம் கொட்டும், சிம் கார்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். முதல் கேள்விதான் முக்கியம். நானும் இதே ஊருக்கு இதே வேலைக்கு வந்தவன்.

ஆதரவு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை அழைத்து வந்த ஏஜெண்ட், விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே "என்கிட்ட இருக்கட்டும், பத்திரமா இருக்கும்" என்று வாங்கிக்கொண்டார். கும்பாபிஷேகம் முடியும்வரை அது என் கைக்கு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தபோதும் போக முடியவில்லை. உரிய அதிகாரம் இல்லாமல் இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது இந்த நாட்டின் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். வேலை பெர்மிட் எடுப்பதற்காகக் கேட்டால் கொடுங்கள். குடிநுழைவுத் துறையில் வேலை முடிந்த அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள்.

அடுத்தது சம்பளம். "கும்பாபிஷேகம் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். நன்கொடை சேரவில்லை என்றால் கும்பாபிஷேகமே தள்ளிப்போகும். நடுவில் ஆண்டுக் கூட்டம் வரும், நிர்வாகம் மாறும், புதிய தலைவர் "அது பழைய நிர்வாகம் பேசியது" என்று கையை விரிப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது. மாதாமாதம் சம்பளம் என்று எழுதி, கோயில் முத்திரை போட்டு வாங்குங்கள். 2025-இலிருந்து இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். கைத்தொழில் தெரிந்தவன் அதற்குக் கீழே இறங்கிப் பேச வேண்டியதில்லை. அப்புறம், உங்கள் பாஸ் அந்தக் கோயில் வேலைக்கு மட்டும்தான். யாராவது வீட்டுக்குச் சாமி படம் வரையக் கூப்பிட்டால் ஆசையாக இருக்கும். சோதனையில் பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கூப்பிட்டவர் பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் வீட்டில் இருப்பார்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. எனக்குக் கிடைத்த முதல் ஆதரவு எது தெரியுமா? சுற்றிலும் எண்ணெய்ப் பனையான செம்பனை, நடுவில் சின்னக் கோயில், நான் சாரத்தின் மேல். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி தினமும் பிளாஸ்கில் கோப்பி கொண்டுவந்து கீழே நின்று பார்ப்பார். முனியாண்டிக்கு மீசை வரைந்த அன்று, "இப்படியாய்யா இருக்கும் எங்க முனியாண்டி மீசை? காது வரைக்கும் போய் மேல சுருளணும்" என்றார். பழைய சிலையை அவருடைய அப்பா காலத்தில் தோட்டத்து ஆள் ஒருவரே சிமெண்டில் செய்தாராம். மறுநாள் பாட்டி சொன்னபடியே அழித்து வரைந்தேன். வேலையை இப்படி உற்றுப் பார்க்கிற கண்கள் எனக்கு ஊரில் கிடைத்ததில்லை. தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியானபோது, அந்தப் பாட்டியின் பேரன்தான் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், எனக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்தார்.

நம் ஊரிலிருந்து வருகிற சிலர்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. வந்த வாரமே "இவர்கள் தமிழ் சரியில்லை" என்பார்கள். இங்கே எழுதப்பட்ட ஒரு கதைகூடப் படித்திருக்க மாட்டார்கள். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை வைத்துக் காப்பாற்றுகிற மக்களிடம் பேசுகிற பேச்சா இது? நீங்கள் அப்படி இருக்காதீர்கள். நான் இன்று மாவட்ட அலுவலகத்தில் மலாயில் பேசிக் காரியம் முடிக்கிறேன், காலையில் பார்த்தவரிடம் இந்த ஊர் வழக்கில் "பசியாறிட்டீங்களா" என்று கேட்கிறேன். அதற்குப் பிறகுதான் என் கதைகளிலும் இந்த ஊர் வந்தது.

எழுத்துக்கு வருவோம். 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. 'மலேசிய நண்பன்', 'மக்கள் ஓசை', 'தமிழ் மலர்' ஆகியவற்றின் ஞாயிறு இதழ்களுக்குக் கதை அனுப்புங்கள். பணத்தை எதிர்பார்த்து அனுப்பாதீர்கள். கறாரான வாசிப்பு வேண்டுமென்றால் 'வல்லினம்' இணைய இதழ் இருக்கிறது. அரசாங்கத்தின் பெரிய விருதை மறந்துவிடுங்கள். தேசிய இலக்கியவாதி என்று 1981-இலிருந்து கௌரவிக்கிறார்கள், மலாய் மொழியில் எழுதுகிறவர்களை மட்டும். பால்மரக் காட்டின் வாழ்க்கையை எழுதியவர்கள் தமிழில் எழுதிய காரணத்தாலேயே அந்த வரிசையில் இல்லை. இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அந்த இடத்தை இங்கே மக்களே நிரப்புகிறார்கள். நூல் வெளியீட்டுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் நூலை ஒரு தொழிலதிபர் பெரிய தொகை கொடுத்து வாங்குவார். அடுத்து வரிசை நீளும், ஒவ்வொருவரும் மேடையேறி உறையைக் கொடுத்துப் புத்தகம் வாங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். என் தொகுப்பின் அச்சுக் கடன் அந்த ஒரு மாலையில் அடைந்தது. பிரமுகர் வருகைக்காக இரண்டு மணி நேரம் காக்க வைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் மறுநாள் விடியலில் வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

நீங்கள் வரும் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே அமைச்சராக இருந்த தமிழர் தலைவர் துன் சம்பந்தன் பிறந்தது சுங்கை சிப்புட்டில். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960-இல் அவர் தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கோலாலம்பூரில் அந்தச் சங்கத்தின் கட்டடத்தில் இருக்கும் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில்தான் எத்தனையோ தமிழ் நூல்கள் வெளியாகியிருக்கின்றன.

ஓவியத்துக்கு, முறையான அனுமதியோடு தங்க வாய்த்தால், தீபாவளிக்கு முன் பேரங்காடிகளில் அரிசிக் கோலம் போடக் கூப்பிடுவார்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். சாயம் கலந்த அரிசியை நன்றாக உலர்த்தாவிட்டால் குளிர்சாதனக் காற்றில் கட்டிதட்டும், ஒரு நிறம் இன்னொன்றில் இறங்கும். பாதிப் பணத்தை முன்னாலேயே வாங்குங்கள். மீதி பொங்கலுக்குப் பிறகுதான் வரும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். மாதச் சம்பளம், தங்குமிடம், மருத்துவச் செலவு, திரும்பும் டிக்கெட், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், இந்த ஐந்தையும் கோயில் நிர்வாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். செயலாளர் கையெழுத்தோடு பதில் வரும்வரை டிக்கெட் போடாதீர்கள்.