ஈரப் பலகை மூட்டு பிளந்தால் பசையைத் திட்டாதீர்கள்

அறுத்து ஒரு மாதமே ஆன 2 அங்குலக் கடினமரப் பலகைகளை வெள்ளைப் பசையால் (பிவிஏ) ஒட்டியதாகவும், மூன்றே வாரத்தில் மூட்டு இரு முனைகளிலும் வாய் பிளந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிளந்த இடமே காரணத்தைச் சொல்கிறது. பலகையின் முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறும். முனை சுருங்கும்போது நடுப்பகுதி அப்படியே இருக்கும். அந்த இழுவிசையை முனையில் எந்தப் பசையும் தாங்காது. தவிர, பிவிஏ தன்னிலுள்ள நீரை மரத்துக்குக் கொடுத்துத்தான் இறுகும். ஏற்கெனவே நனைந்த மரம் அதை வாங்காது.

பாலியூரித்தேன் பசைக்கு மாறினால் சரியாகுமா என்றால், அது ஈரத்தில் இறுகும் என்பது சரி. ஆனால் மரம் சுருங்குவதை அது நிறுத்தாது.

கிளாம்ப் போட்டு இழுத்து மூட முயலாதீர்கள். பிறகு வேறிடத்தில் வெடிக்கும். மூட்டை அறுத்துப் பிரித்து, முனைகளில் மெழுகோ கெட்டிப் பெயின்ட்டோ பூசி, இடையில் சம கனமுள்ள சட்டங்கள் வைத்து நிழலில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனம் காய ஓராண்டு என்பது தோராயக் கணக்கு. ஈரமானி 8–12% காட்டி, இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் இருந்தால் போதும். ஓரங்களை மறுபடி இழைத்து, அன்றே ஒட்டுங்கள்.

அவசரமென்றால் பச்சை மரத்தில் ஸ்டூல் செய்யலாம்: ஈரமான காலில் துளை, நன்கு காய்ந்த குறுக்குக்கட்டையில் அந்தத் துளைக்குள் செருகும் நாக்கு. கால் காயக் காய நாக்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். மாற்றிச் செய்தால் ஆடும்.