மார்ட்டின் குஞ்சு தரையில் கிடக்கிறது. எடுத்துக் கூட்டில் விடலாமா?

கேள்வி: டெக்சாஸில் எங்கள் வீட்டுக் கொல்லையில், பர்ப்பிள் மார்ட்டின் பறவைகள் கூடு கட்டுவதற்காகச் சுரைக்குடுக்கைகள் தொங்கவிட்ட கம்பம் ஒன்று வைத்திருக்கிறோம். இன்று ஒரு குஞ்சு புல்லில் கிடக்கிறது. பறக்கத் தொடங்கிய இன்னொன்றைப் பெரிய பறவைகள் விரட்டிக் கொத்துகின்றன. குஞ்சை எடுத்து விடலாமா? மற்ற கூடுகளைத் திறந்து பார்க்கலாமா?

பதில்: எடுத்து விடலாம். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதில் உண்மை இல்லை. ஆனால் எங்கே வைப்பது என்பது குஞ்சின் வயதைப் பொறுத்தது. கூட்டைத் திறக்கலாமா என்பதும் அப்படியே. அதனால் முதலில் வயதைப் பாருங்கள்.

உடல் முழுக்க வெறும் தோல், கண் மூடியிருக்கிறது என்றால் பொரித்து ஒரு வாரத்துக்குள். கண் திறந்து, இறக்கை ஓரத்தில் கருநீல முட்கள் போல இறகுக் குருத்து எழுந்திருந்தால் 10 முதல் 14 நாள். குருத்தின் நுனி வெடித்து இறகு விரிந்திருந்தால் 15 நாளுக்கு மேல். உடலை இறகு மூடியிருக்கிறது, வால் மட்டும் குட்டை, வாயோரத்தில் மஞ்சள் மடிப்பு இருக்கிறது என்றால் 20 நாளைத் தாண்டியாயிற்று. மார்ட்டின் குஞ்சுகள் 26 முதல் 32 நாளுக்குள் கூட்டை விட்டுப் பறக்கும்.

இவை தகைவிலான் குடும்பத்துப் பறவைகள். பறக்கும் பூச்சியை வானத்திலேயே பிடித்து வாழ்பவை. தரையில் கிடக்கும் குஞ்சுக்கு இறங்கி வந்து ஊட்டுவது மிக அரிது. அங்கேயே விட்டால் பசியாலோ பூனையாலோ போய்விடும். 20 நாளுக்கு உட்பட்ட குஞ்சை அதன் சொந்தக் கூட்டிலேயே விடுங்கள். எந்தக் கூடு என்று தெரியாவிட்டால் ஒத்த வயதுக் குஞ்சுகள் உள்ள கூட்டில் வையுங்கள், தாய் தந்தை ஏற்றுக்கொள்ளும். வயது பொருந்த வேண்டும் என்பதுதான் முக்கியம். பத்து நாள் குஞ்சுகளுக்கு நடுவே இருபது நாள் குஞ்சை வைத்தால், அது வாசலை அடைத்து நின்று வரும் தீனி முழுவதையும் வாங்கிக்கொள்ளும். சின்னவை பட்டினியில் சாகும்.

பறக்கும் வயதை எட்டிய குஞ்சைத் திரும்பக் கூட்டில் திணித்தால் உடனே மறுபடி குதிக்கும். பகலாக இருந்தால், பூனை எட்டாத உயரத்தில், கம்பத்தின் மேல்தட்டிலோ கொட்டகைக் கூரையிலோ வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். அது குரல் கொடுக்கும், பெற்றோர் தேடி வரும். பொழுது சாயும் நேரமாக இருந்தால் ஒத்த வயதுக் கூட்டில் வைத்து, வாசலைச் சிறு துணியால் அடைத்து, குஞ்சு அடங்கியதும் துணியை எடுத்துவிடுங்கள். துணியை எடுக்க மறந்தால் உள்ளே உள்ள அத்தனை குஞ்சும் பட்டினி, மூச்சுமுட்டல்.

இறக்கை தொங்கினாலோ, பூனை வாய் வைத்திருந்தாலோ கூட்டில் விடாதீர்கள். பூனையின் எச்சில் பட்ட சிறு காயமும் கிருமித் தொற்றில் கொல்லும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டாக, வெதுவெதுப்பாக வைத்து, காயம்பட்ட வனவிலங்குகளைப் பராமரிக்க உரிமம் பெற்ற மறுவாழ்வாளரிடம் அன்றே சேருங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ரொட்டி, பால் எதுவும் வேண்டாம். வீட்டில் வைத்து வளர்ப்பது அமெரிக்காவின் 1918-ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி குற்றம்.

இனி விரட்டல். முதல் தடவை பறக்கும் குஞ்சை அதே கம்பத்தைச் சேர்ந்த மற்ற மார்ட்டின்கள் துரத்துவது வழக்கமாக நடப்பது. அவற்றில் பல, இன்னும் துணை சேராத ஒரு வயது இளம்பறவைகள். பெற்றோர் இருபுறமும் பறந்து குஞ்சைக் காத்து, தூரத்து மரத்துக்கோ மின்கம்பிக்கோ கூட்டிப்போகும். பார்க்க வயிற்றைப் பிசையும், ஆனால் நாம் தலையிட இடமில்லை. கூட்டிலேயே தயங்கி நிற்கும் குஞ்சின் எதிரே தாய் ஒரு தும்பியைக் கவ்விக்கொண்டு வந்து, ஊட்டாமல் சற்று விலகிப் பறந்து காட்டும். குஞ்சு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக் கடைசியில் வெளியே தாவும். பறந்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் பெற்றோர்தான் ஊட்டுகின்றன. முதல் சில இரவுகள் பல குடும்பங்கள் தூங்கக் கம்பத்துக்கே திரும்பும். குஞ்சுக்குத் தன் வாசல் சரியாகத் தெரியாது, அடுத்த கூட்டில் நுழையும், அங்கே அடி வாங்கும். மாலையில் கம்பத்தருகே கூச்சல் அதிகமாக இருப்பது இதனால்தான். அந்த நேரத்தில் புல் வெட்டும் இயந்திரம், நாய், குழந்தைகள் எதுவும் அருகே வேண்டாம்.

கூட்டைத் திறப்பது பற்றி: 22-ஆம் நாளுக்குப் பிறகு திறக்கவே கூடாது. அந்த வயதில் இறகு இருக்கிறது, பறக்கும் பலம் இல்லை. கதவு அசைந்ததும் பயந்து குதித்துவிடும். ஒன்று குதித்தால் பக்கத்துக் கூட்டிலும் குதிக்கும். இதற்குத்தான் தேதிக் குறிப்பு. ஒவ்வொரு குடுக்கைக்கும் எண் எழுதி, 4 முதல் 7 நாளுக்கு ஒருமுறை பார்த்து, முட்டையையும் குஞ்சையும் எண்ணி எழுதுங்கள். மார்ட்டின் நாளுக்கு ஒரு முட்டை இடும். உதாரணமாக, முதல் முட்டை ஏப்ரல் 10, மொத்தம் ஐந்து என்றால் கடைசி முட்டை ஏப்ரல் 14. சுமார் 15 நாளில் பொரிக்கும், அதாவது ஏப்ரல் 29. அதை முதல் நாளாக வைத்தால் 22-ஆம் நாள் மே 20. பறப்பது மே 24 முதல் மே 30-க்குள். இந்தத் தேதிகளைக் கம்பத்தடியிலேயே ஓர் அட்டையில் எழுதி வையுங்கள். எல்லாக் குடுக்கையும் ஒரே கம்பத்தில் ஒன்றாக இறங்குவதால், ஒரு கூடு 22-ஐத் தாண்டிவிட்டால் மற்றவற்றைப் பார்க்கவும் கம்பத்தை இறக்காமல் இருப்பதே நல்லது. அவசரமாக இறக்கியே ஆக வேண்டுமென்றால், மூத்த கூடுகளின் வாசலை முதலில் துணியால் அடைத்து, கப்பியை மெதுவாக விட்டு, வேலை முடிந்து ஏற்றிய பின் துணிகளை எண்ணி எடுங்கள். திரும்ப ஏற்றும்போது வாசல்கள் பழைய திசையையே பார்க்க வேண்டும். திசை மாறினால் பெற்றோர் கூடு தெரியாமல் அலையும்.

22-க்கு முன்னாலேயே குஞ்சு விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று வெக்கை. நேர் வெயிலில் கூட்டுக்குள் காற்றில்லாமல் குஞ்சுகள் வாசலில் வந்து நெருக்கும், ஓரத்தில் இருப்பது தள்ளுபட்டு விழும். வெள்ளை நிறம், மேல்பகுதியில் காற்றுத் துளை, 12 அங்குல ஆழமான அறை இவை உதவும். இன்னொன்று ஒட்டுண்ணி. கோழிப்பேன் போன்ற சிற்றுண்ணியும், இரவில் ரத்தம் குடிக்கும் ஈப்புழுவும் கூட்டுப் பொருளில் இருக்கும். அரிப்புத் தாங்காமல் குஞ்சு வெளியே வரும். 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் கூட்டை மாற்றுங்கள். குஞ்சுகளைத் துணி விரித்த வாளியில் வைத்து, பழையதை முழுக்க வாரி எடுத்து, இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த பைன் மரச் சீவலை இட்டு, நடுவில் கையால் குழி அழுத்தி, குஞ்சுகளை எண்ணித் திரும்ப வையுங்கள். செடார் சீவல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே கூடு, வெயில் ஏறிய காய்ந்த நாளில், மொத்தம் அரை மணிக்குள். மழையிலும் குளிரிலும் தொடாதீர்கள்.

குடுக்கைகளுக்குப் பதில், அறைகளும் பொதுத் திண்ணையும் உள்ள அலுமினியப் பறவை வீடு வைத்திருப்பவர்கள் திண்ணைத் தடுப்பு போட வேண்டும். இல்லாவிட்டால் மூத்த குஞ்சுகள் நடந்தே பக்கத்து அறைக்குப் போய்த் தீனியைப் பறிக்கும்.

நம் ஊரில் குறைந்துபோய்விட்டதே என்று நாம் ஏங்கும் அதே சிட்டுக்குருவி, அமெரிக்காவில் 1850-களில் புரூக்ளினில் கொண்டுவந்து விடப்பட்ட அயல் பறவை. மார்ட்டின் முட்டையைக் குத்தும், குஞ்சை வெளியே இழுத்துப் போடும். விழுந்த குஞ்சின் தலையில் குத்துக்காயம் இருந்தால் வெக்கையைத் தேடாதீர்கள், குருவியைத் தேடுங்கள். அதன் கூட்டுப் பொருளைக் கண்டதும் எடுத்துவிடுங்கள். கூட்டைப் பறிக்கும் இன்னொரு அயல் பறவையான ஐரோப்பிய ஸ்டார்லிங்கைத் தடுக்க, உயரம் 1 3/16 அங்குலம் உள்ள பிறை வடிவ வாசல் போதும். பாம்பும், மரமேறும் விலங்கான ரக்கூனும் ஏறாமல் கம்பத்தில் உருளைத் தடுப்பு கட்டாயம் வேண்டும். ஆண்டு முழுக்க இல்லாவிட்டாலும் குஞ்சுகள் இருக்கும் காலத்தில் இல்லாமல் இருக்கவே கூடாது.

எல்லாம் பறந்த பிறகும் கம்பத்தை இறக்கிவிடாதீர்கள். இளம்பறவைகள் சில வாரம் வந்து வந்து குடுக்கைகளை எட்டிப் பார்க்கும். கூட்டமாகத் தெற்கே, பிரேசில் பக்கம் கிளம்பிய பின், ஒரு வாரம் ஒன்றும் வராததை உறுதி செய்துகொண்டு, கழுவிக் காயவைத்து, வாசல்களை அடைத்து வையுங்கள்.