கேள்வி பதில்: வினையூக்கி மெம்பிரேனும் நம்ம ஊர் போர்வெல் தண்ணீரும்

கிருஷ்ணகிரி: சார், ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் பியூயல் செல்லுக்காக, புரோட்டான்களைக் கடத்தும் ஃபுளோரின் பாலிமரான நாஃபியான் மெம்பிரேன்மேல், வினையூக்கியான பிளாட்டினம்-கார்பன் மை தெளித்தோம். காய்ந்ததும் செதில் செதிலாக உரிகிறது. எங்கே தப்பு?

அயனோமர் (பொடியைப் பிடித்து வைத்துப் புரோட்டானைக் கடத்தும் பாலிமர், இங்கே நாஃபியான் கரைசல்) குறைந்திருக்கும், அல்லது ஒரே தடவையில் கனமாகத் தெளித்திருப்பீர்கள். 25 சதுர செ.மீ. மின்முனைக்கு, சதுர செ.மீ.க்கு 0.4 மி.கி. வீதம் 10 மி.கி. பிளாட்டினம் வேண்டும். 40 சதவீதம் பிளாட்டினம் உள்ள கார்பன் பொடியாக எடுத்தால் அது 25 மி.கி. காய்ந்த பூச்சில் அயனோமர் 30 சதவீதம் நிற்க, 5 சதவீத நாஃபியான் கரைசல் சுமார் 0.21 கிராம். தெளிப்பில் வீணாகும், எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு எடுங்கள்.

பொடியில் முதலில் தண்ணீர்தான். முழுக்க நனைந்து சேறு மாதிரி ஆன பிறகே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். உலர்ந்த பொடிமேல் ஆல்கஹால் பட்டால் பிளாட்டினமே அதைப் பற்றவைத்துவிடும். தயவுசெய்து இதை ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அப்புறம் நாஃபியான் கரைசல். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து அரை மணி நேரம் சோனிகேட்டர் (ஒலி அதிர்வால் கலக்கும் கருவி).

நேராக மெம்பிரேன்மேல் தெளித்தால் அது ஆல்கஹாலை உறிஞ்சி உப்பி, அலை அலையாகச் சுருங்கும். டெஃப்லான் தாளில் மெல்லிசாகத் தெளித்து, காயக் காய அடுத்த பூச்சு போடுங்கள். பிறகு தாளை மெம்பிரேன்மேல் வைத்து 130 டிகிரியில் 3 நிமிடம் ஹாட் பிரஸ் (சூட்டோடு அழுத்துவது) செய்து, தாளை உரித்தால் பூச்சு மெம்பிரேனில் ஒட்டியிருக்கும். ஒட்டிய பூச்சின் எடையையும் அந்தத் தாளில்தான் பார்க்க வேண்டும்: அழுத்தும் முன், உரித்த பின். மெம்பிரேனைத் தராசில் வைத்தால், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எண் ஏறிக்கொண்டே போகும்.

பாலக்கோடு: எலக்ட்ரோலைசருக்கு (மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரிக்கும் கருவி) வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினோம். டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 40தான். ஆனாலும் மூன்று வாரத்தில் மின்னழுத்தம் ஏறிவிட்டதே?

40 குடிக்கலாம், மெம்பிரேனுக்கு ஆகாது. மின்கடத்துதிறன் செ.மீ.க்கு 1 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே வேண்டும்; ஆர்.ஓ.வுக்குப் பின் மிக்ஸ்டு பெட் ரெசின் (மிச்ச அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வையுங்கள். ஒரு கால்சியம் அயனி இரண்டு புரோட்டான்களின் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொள்ளும், மின்தடை ஏறும். இதைச் சரிசெய்யலாம்: 0.5 மோலார் சல்பியூரிக் அமிலத்தில் 80 டிகிரியில் 1 மணி நேரம், பிறகு கொதிக்கும் தூய நீரில் 1 மணி நேரம்.

இரும்பு புகுந்திருந்தால் கதை வேறு. செல்லுக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அது ஹைட்ராக்சில் ரேடிக்கலாக உடைக்கும். அந்த ரேடிக்கல் பாலிமர் சங்கிலியையே அறுக்கும். அமிலம் இரும்பை எடுக்குமே தவிர, அறுந்ததை ஒட்டாது. ஜி.ஐ. குழாய், இரும்பு வால்வு எதுவும் பாதையில் இருக்கக் கூடாது.

பென்னாகரம்: வினையூக்கி மெம்பிரேன் எங்க ஊர் ஃபுளோரைடை அழிக்குமா அண்ணா?

அழிக்காது. டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மெம்பிரேன் புற ஊதா ஒளியில் சாயம் போன்ற கரிமப் பொருள்களைச் சிதைக்கும். ஃபுளோரைடு தனி அயனி, அதில் சிதைக்க ஒன்றுமில்லை, ஆர்.ஓ. அல்லது ஆக்டிவேட்டட் அலுமினா வைத்துப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில் அதையே குடியுங்கள்.

ஓசூர்: செல்லிலிருந்து வெளிவரும் நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 0.3 மி.கி. மெம்பிரேன் போய்விட்டதா?

உள்ளே போகும் நீரை அளந்தீர்களா? நாஃபியான் சிதைந்தால் ஃபுளோரைடு வரும், உண்மை. ஆனால் நம் பக்கத்து நிலத்தடி நீரில் 1.5ஐத் தாண்டும் இடங்களே உண்டு. ரெசின் தீர்ந்திருந்தால் மீட்டர் காட்டுவது போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு. இரண்டு நீரையும் பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, சம அளவு டிசாப் (அளவீட்டுக்கு நீரின் அமிலத்தன்மையையும் அயனி வலிமையையும் நிலைப்படுத்தும் கரைசல்) கலந்து, ஒரே ஃபுளோரைடு எலக்ட்ரோடால் அளங்கள். வித்தியாசத்தை வெளிவந்த நீரின் அளவால் பெருக்கி, மெம்பிரேனின் பரப்பாலும் ஓடிய மணி நேரத்தாலும் வகுத்தால் சிதைவு வேகம் கிடைக்கும்.