செர்னோபில், பால், தைராய்டு: கேள்வி பதில்

கேள்வி: 1986 ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்று எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருந்தது? குழந்தைகளுக்கு மட்டும் தைராய்டுப் புற்றுநோய் ஏன் பெருகியது?

பதில்: காற்றைவிடப் பாலே பெரிய காரணம். உலையிலிருந்து வெளியேறிய, கதிர்வீச்சை உமிழும் அயோடின்-131 புல்லில் படிந்து, அதை மேய்ந்த பசுக்களின் பாலில் இறங்கி, அந்தப் பாலைக் குடித்த பெலாரூஸ், வட உக்ரைன் கிராமத்துப் பிள்ளைகளின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்குள் போய்ச் சேர்ந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், அயோடின் போகாது. சாதாரண அயோடினையும் இதையும் தைராய்டால் பிரித்தறிய முடியாது. பெரியவர் குடித்த அதே அளவு பாலைக் குழந்தை குடித்தால், அதன் மிகச் சிறிய சுரப்பி பல மடங்கு கதிர்வீச்சை ஏற்கிறது. அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள்தான் என்பதால், சில வாரம் பாலை நிறுத்தியிருந்தாலே பெரும்பகுதிக் கேட்டைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். போலந்து அரசு சில நாள்களுக்குள்ளேயே சுமார் 1 கோடி குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் மருந்து கொடுத்துவிட்டது; சுரப்பி அதனால் நிரம்பிவிட்டால் கதிர்வீச்சு அயோடினுக்கு இடமிருக்காது.

கேள்வி: அப்படியானால் அங்கே கண்டறியப்பட்ட எல்லாமே கதிர்வீச்சால் வந்தவையா?

பதில்: இல்லை. விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை சுமார் 19,000 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. அவற்றில் ஏறக்குறைய கால் பங்கையே கதிர்வீச்சின் கணக்கில் சேர்க்கலாம் என்று ஐ.நா. அறிவியல் குழு மதிப்பிட்டது. மீதிக்கு, அவர்களுக்கு வயது ஏறியதும் பரிசோதனை பெருகியதும் காரணம்.

கேள்வி: 2011-இல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமாவிலும் நிறையப் பேருக்கு வந்ததே?

பதில்: அங்கே ஏறத்தாழ 3 லட்சம் சிறார்களின் கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள், தொல்லை தராமலே கிடந்திருக்கக்கூடிய கட்டிகளும் அகப்பட்டன. அணு விபத்தே நடக்காத தென் கொரியாவில், 1993-க்கும் 2011-க்கும் இடையே பரிசோதனை பரவியதால் கண்டறியப்பட்ட எண்ணிக்கை 15 மடங்கானது, இறப்போ கூடவில்லை. ஃபுகுஷிமாவில் பிள்ளைகள் ஏற்ற கதிர்வீச்சு செர்னோபிலைவிட மிகக் குறைவு. பாலையும் விரைவிலேயே தடுத்துவிட்டார்கள்.

கேள்வி: அயோடின் உப்பைக் கூடுதலாகச் சேர்த்தால் பாதுகாப்பு உண்டா?

பதில்: வேண்டவே வேண்டாம். பெரியவருக்கான தடுப்பு அளவு 100 மில்லிகிராம் அயோடின். அதை உப்பிலிருந்து பெற 3 கிலோவுக்கு மேல் ஒரே மூச்சில் தின்ன வேண்டும். 2011-இல் சீனாவில் இந்த வதந்தியை நம்பிக் கடைகளில் உப்பைக் காலி செய்தார்கள்.

கேள்வி: என் மகளுக்குத் தைராய்டு குறைபாடு. இதுவும் புற்றுநோய்க்கு முன்னோடியா?

பதில்: இல்லை, அது வேறு நோய். கழுத்தில் கட்டி தென்பட்டால் மட்டும் மருத்துவரிடம் தனியாகக் காட்டுங்கள்.